கிளட்சில் மிச்சம் பன்னிரண்டு

அந்த வண்டியை ஒரு தடவை ஸ்டார்ட் செய்தாலே ஒரு நாள் சம்பளம் காலி என்று முதலில் சொன்னவர் டிப்போவில் டீசல் போடுகிறவர். அவருக்குச் சொன்னவர் அவருடைய மைத்துனர். மைத்துனருக்கு யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை. செய்தி பஸ் கழுவும் பகுதிக்கு வந்து சேர்வதற்குள் ஒரு நாள் ஒரு வாரமாகியிருந்தது. கேன்டீனுக்கு வந்தபோது டிக்கெட் பரிசோதகர் அதற்கு இன்னும் கொஞ்சம் மெருகு கொடுத்தார்.

"ஹாரன் அடிச்சா அதுக்குத் தனி பில்லாம்பா."

"நிஜமாவா?"

"பின்ன? சாதாரண பெட்ரோல் ஊத்தினா தும்முமாம். துடைக்கிற துணியே கம்பெனியிலேர்ந்து பார்சல்ல வரணுமாம்."

நிதானம் அக்கா பக்கத்து மேசையில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"துணி இல்லண்ணே, பனியன். எங்க வீட்டுக்காரரோட பழைய பனியன். அதுவும் கிழிஞ்சதுதான் ஒத்துக்குது."

கேன்டீனே சிரித்தது. பரிசோதகரும் சிரித்துவிட்டு, அசடு வழிய டிக்கெட் கட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

அக்கா முப்பத்தொன்றாம் நம்பர் பஸ்ஸை இருபத்தேழு வருடங்களாக ஓட்டுகிறவள். அவள் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிறவர்களுக்கே தெரியாது; நடுவழியில் கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் தாய்மார்கள் அவளுடைய பஸ்ஸுக்காகக் காத்திருந்து ஏறுவார்கள். அதனால் வந்த பெயர் நிதானம். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அடுத்த ஆண்டு ஓய்வு. பிள்ளைகள் கிடையாது. கணவர் ஒரு பள்ளிக்கூடத்தின் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளராக இருந்து, போன வருடம் ஓய்வு பெற்றவர். இந்தக் குடும்பத்துக்கு இரண்டே இருக்கை உள்ள, மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் போகக்கூடிய, சாம்பல் நீல ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று சொந்தம் என்பதுதான் வதந்தியின் கரு. அது மட்டும் உண்மை.

ஸ்டார்ட் செய்தால் சம்பளம் காலி என்பது பொய். ஸ்டார்ட் செய்ய ஒன்றும் ஆகாது. சும்மா நிற்கும்போதுதான் அது தின்றது. இதை டிப்போவில் யாரிடம் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள். அக்காவே முதல் வருடம் நம்பவில்லை.

முப்பத்தொன்றுக்குப் போகும்போது நாற்பத்தாறு ஸ்டாப், வரும்போது நாற்பத்தாறு. ஒரு நாளைக்குப் போய்வந்து நான்கு நடை. சிக்னல்களைச் சேர்க்காமலே முந்நூற்று அறுபத்தெட்டுத் தடவை நின்று முந்நூற்று அறுபத்தெட்டுத் தடவை கிளம்ப வேண்டும். அறுபதுக்கு மேல் போகாதபடி பஸ்ஸுக்குக் கடிவாளம் வேறு போட்டிருந்தார்கள். ஊருக்கு வெளியே, கடலை ஒட்டி ஒரு சாலை இருந்தது. சுற்றுச்சாலையிலிருந்து பிரிந்து கலங்கரை விளக்கம் வரை போகும். போக தொண்ணூறு கிலோமீட்டர், வர தொண்ணூறு. சிக்னல் இல்லை, ரயில்வே கேட் இல்லை, சுங்கச்சாவடி இல்லை. கலங்கரை விளக்கத்தைச் சுற்றிக்கொண்டு அப்படியே திரும்பிவிடலாம். அக்கா வரைபடத்தை வைத்துக்கொண்டு அந்தச் சாலையை விரலால் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எங்கேயும் நிற்காமல் போய் எங்கேயும் நிற்காமல் வர வேண்டும். வாழ்க்கையில் வேறு பெரிய ஆசை என்று அவளுக்கு எதுவும் இருந்ததில்லை. இருந்ததெல்லாம் முதல் பத்து வருடங்களிலேயே தீர்ந்தோ தேய்ந்தோ போயிருந்தது.

ஐந்து வருடங்களுக்கு முன்னால் ஒரு பல் டாக்டர் தன் காரை விற்றார். முதுகுவலி வந்து, அவ்வளவு தாழ்ந்த இருக்கையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை அவரால். வண்டிக்கு வயது பத்து. விலை, ஒரு புதிய சின்னக் குடும்பக் காரின் விலை. அக்காவின் சேமிப்பு ஏறக்குறைய அதுதான். சுற்றுச்சாலையில் ஒற்றை ஆளாக ஒர்க்‌ஷாப் நடத்தும் மெக்கானிக் ஒருவன் வண்டியைப் பார்த்துக் கொடுத்தான். அந்தக் கம்பெனியிலேயே முன்பு வேலை பார்த்தவன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னான்.

"விலைதான் பழசாச்சு அக்கா. பார்ட்ஸ் எதுவும் பழசாகலை. அது புதுசா வந்தப்போ என்ன விலையோ, அதுக்கு மேலதான் இன்னிக்கும்."

அக்கா தலையாட்டினாள். சாவியைக் கையில் வாங்கிவிட்ட பிறகு சொல்லப்படும் எதற்கும் மனிதர்கள் தலையாட்டத்தான் செய்கிறார்கள்.

முதல் வருடம் டயர். மேல் பட்டன்கள் தேயாமல் புதிதுபோல இருந்தன. ஆனால் வயதாகி ரப்பர் இறுகிவிட்டதாம், வேகத்தில் பிடிக்காதாம். நான்கும் சேர்ந்து இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கின. "டயர் போட்டாச்சு, அடுத்த வருஷம் கடற்கரை ரோடு" என்றாள் கணவரிடம். இரண்டாவது வருடம் பிரேக் தட்டுகள். ஓடாமல் நின்றதில் துருப்பிடித்துவிட்டன. மூன்றாவது வருடம் இன்சூரன்ஸை ஏற்றினார்கள். கூடவே சர்வீஸ். பதினைந்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது, என்று கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருந்தது. வண்டி அந்த வருடம் ஓடியது அறுபது. எப்போதும் வருடம்தான் முதலில் வந்தது. மெக்கானிக் அடியில் தட்டை வைத்துத் திருகைக் கழற்றியபோது தேன் மாதிரி ஆயில் இறங்கியது. அக்கா குனிந்து பார்த்தாள்.

"இதை எதுக்குப்பா ஊத்துறே? முகம் தெரியுதே இதுல!"

"கணக்குப்படி மாத்தணும் அக்கா. இல்லேன்னா நாளைக்கு விக்கும்போது புக்ல ஒரு வருஷம் ஓட்டை விழுந்திடும்."

"இந்த ஆயிலை எங்க பஸ்ஸுக்கு ஊத்தினா அது கூச்சப்பட்டுக்கிட்டு நின்னுடும்."

நான்காவது வருடம் பேட்டரி, ஏதோ ஒரு சென்சார், அந்த சென்சாரைக் கழற்ற வேண்டி உடைத்த இன்னொரு பாகம்.

கணவர் எதற்கும் கோபித்துக்கொண்டதில்லை. காரை அவர் 'அவங்க' என்றுதான் சொல்வார். "அவங்க இந்த வருஷம் என்ன கேக்கறாங்க?" என்பார், வீட்டுக்கு வந்த சம்பந்தி வீட்டாரைப் பற்றி விசாரிப்பதுபோல. ஃப்ரிட்ஜின் கதவு சரியாக மூடாமல், சைக்கிள் ட்யூபை வெட்டிக் கட்டியிருந்தார்கள். அதை அவிழ்த்துப் பாலை எடுக்கும்போதெல்லாம், "அவங்க நல்லா இருக்கட்டும்" என்று முணுமுணுப்பார். அவ்வளவுதான் அவருடைய எதிர்ப்பு.

ஐந்தாவது வருடம் எந்தச் செலவும் வரவில்லை. அக்கா நாளைக்கூடக் குறித்துவிட்டாள். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளப் பார்க்கிங்கில் வண்டியிலிருந்து கருகல் வாடை வந்தது.

மெக்கானிக் மடிக்கணினியை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினான். இந்த வண்டிக்கு கிளட்ச் மிதி கிடையாது; கிளட்சை வண்டியே போட்டுக்கொள்ளும், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையும் வண்டியே சொல்லிவிடும். அவன் திரையைப் பார்த்தான். மறுபடியும் செருகிப் பார்த்தான்.

"நூத்துக்கு எண்பத்தெட்டு தேஞ்சிருக்கு அக்கா. மிச்சம் பன்னெண்டு."

"வாங்கும்போது எவ்வளவு?"

"முப்பதுதான் தேஞ்சிருந்துச்சு. நான்தானே பார்த்தேன்? அஞ்சு வருஷத்துல முந்நூறு கிலோமீட்டர்கூட ஓட்டலை. பந்தயத்துல ஓட்டினவன்கூட இப்படித் தேய்ச்சதில்லை. என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. வெளியில எடுக்கிறதே இல்லை."

"எடுக்காம?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் கொஞ்சம் நகர்த்துவேன். டயர் ஒரே இடத்துல உட்கார்ந்து தட்டையாயிடக் கூடாதில்ல? டிப்போவுல நின்ன பஸ்ஸை அப்படித்தான் நகர்த்துவோம்."

"எப்படி நகர்த்துவீங்க?"

அக்கா விளக்கினாள். கீழ்த்தளத்தில் இரண்டு பக்கமும் தூண்கள். அவளுடைய இடம் சரியாகச் சரிவின் அடிவாரத்தில். ஆகவே பின்னோக்கிப் பத்தடி மேட்டில் ஏற்றுவாள், பிறகு இறக்குவாள். அவ்வளவுதான்.

"ஏத்தினதும் உடனே இறக்கிடுவீங்களா?"

அக்கா கொஞ்சம் தயங்கினாள். "உடனே இல்லை. ஒரு அரை நிமிஷம் அங்கேயே பிடிச்சு நிறுத்துவேன்."

"பிரேக்லயா?"

"ஆக்சிலேட்டர்ல. லேசா. அப்பதான் சத்தம் கேக்கும்."

மெக்கானிக் மடிக்கணினியை மெதுவாக மூடினான். அக்காவின் பஸ்ஸில் கியர் எண்ணெயில் ஓடுகிற வகை. அதை மேட்டில் அப்படிப் பிடித்து நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. இந்த வண்டியில் அது பாதி பிடித்தும் பிடிக்காமலும் நிற்கிற தட்டு. உரசிக்கொண்டே இருக்கும், எரிந்துகொண்டே இருக்கும். சரிவில் ரிவர்ஸ் போடுவதே அதற்கு ஆகாது. அதன் மேல் அரை நிமிடம்.

"வருஷத்துக்கு ஐம்பது ஞாயிறு, அஞ்சு வருஷம்" என்றான். "ரெண்டு மணி நேரம் அக்கா. ரெண்டு மணி நேரம் மேட்டுல பிடிச்சு வெச்சு எரிச்சிருக்கீங்க. இது ஓடித் தேயலை. பொத்திப் பொத்தி வெச்சுத் தேஞ்சிருக்கு."

அந்த அரை நிமிடம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். கான்கிரீட் சுவர்களுக்குள் அந்த இரைச்சல் நிரம்பும். கண்ணை மூடினால் இடது பக்கம் கடல் இருக்கும். வாரம் முழுக்க முந்நூற்று அறுபத்தெட்டுகளைத் தாண்டி அவள் அந்த அரை நிமிடத்துக்குத்தான் வந்து சேர்ந்துகொண்டிருந்தாள்.

புது கிளட்ச் போட கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். ஐந்து மாதச் சம்பளம். ஓய்வு பெற்ற பிறகு அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. மெக்கானிக்கிடம் வேறு யோசனை இருந்தது. கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் இந்த மாதிரி வண்டி தேடிக்கொண்டிருந்தார். இருக்கிற நிலையிலேயே வாங்கிக்கொள்வார், ஒரே நிபந்தனை: கிளட்ச் பத்துக்குக் கீழே இறங்கியிருக்கக் கூடாது. இறங்கியிருந்தால் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுவார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் தன் ஆளுடன் வந்து, தானே கணினியைச் செருகிப் பார்ப்பார்.

"வண்டி இங்கேயே நிக்கட்டும் அக்கா. அந்தச் சரிவுல இனிமே இறக்க வேணாம்."

"பன்னெண்டுன்னா எவ்வளவு தூரம்பா?"

"அது தூரத்துக் கணக்கு இல்ல. எத்தனை தடவை நின்னு கிளம்புறீங்கங்கிறதுதான். ஒரு தடவை கிளம்பி நிக்காமப் போனீங்கன்னா இருநூறு கிலோமீட்டருக்கும் ஒண்ணும் தெரியாது. ஊருக்குள்ள ஒரு மணி நேரம் சிக்னல் சிக்னலா நின்னீங்கன்னா அவ்வளவுதான்."

வியாழக்கிழமை சாயங்காலம் கணவர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மேடு, அரை நிமிடம், இரண்டு மணி நேரம், வெள்ளிக்கிழமை விற்பனை. கணவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"அவங்க உன் கையாலேயே போகணும்னு இருந்திருக்கு."

"சிரிக்காதீங்க."

"இல்ல, அஞ்சு வருஷமா ஞாயித்துக்கிழமை காலையில கீழே பூமி அதிருமே, பக்கத்து வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர்னு புகார் எழுதிட்டிருக்கார்…"

"உங்களுக்கு என்ன தெரியும்?" அக்காவின் குரல் உயர்ந்தது. பஸ்ஸில் சண்டை போடும் பயணிகளிடம்கூட உயராத குரல். "ஒரு நாளாவது அதுல ஏறி உட்கார்ந்திருக்கீங்களா? ஒரு நாளாவது?"

கணவர் சிரிப்பை நிறுத்தினார். ஒரு வெண்டைக்காயை எடுத்து, காம்பைக் கிள்ளி, மறுபடியும் தட்டிலேயே வைத்தார்.

"நீ கூப்பிடலையே."

"கூப்பிடலையா?"

"டயர் போட்டப்புறம்னே. பிரேக் போட்டப்புறம்னே. நீ போறேன்னுதான் சொன்னே. வாங்கன்னு சொல்லலை. ரெண்டு சீட்டுல ஒண்ணு எனக்கான்னு நானா எப்படிக் கேக்கறது?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சாலை, கடல், சத்தம், திரும்பும் இடம் எல்லாவற்றையும் அவள் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். பக்கத்து இருக்கையில் யார் என்று திரும்பிப் பார்த்ததே இல்லை. இருபத்தேழு வருடமாக ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் யாரும் உட்காராத வேலை. அந்த வேலையைப் போய்க் காரணமாகச் சொல்ல முடியுமா?

கணவர் மிச்ச வெண்டைக்காயை நறுக்கி முடித்தார். இருவரும் சாப்பிட்டார்கள். ஃப்ரிட்ஜின் ட்யூபை அவர்தான் கட்டினார். அன்றைக்கு எதையும் முணுமுணுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அக்கா விடுப்பு எடுத்திருந்தாள். கணவர் எழுந்திருப்பதற்கு முன்பே கிளம்பி, முப்பத்தொன்றின் முதல் வண்டியில் பயணியாக ஏறி ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். மெக்கானிக் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, பதினோரு மணிக்குத்தானே?"

"சாவியைக் குடு. பெட்ரோல் போட்டுட்டு வந்துடறேன்."

"டேங்க் முக்கால் இருக்கே."

"தெரியும்."

அவன் சாவியைக் கொடுத்தான். "இப்படியே வலது பக்கம் போனா சிக்னலே கிடையாதுக்கா" என்றான், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. "ரெண்டரை மணி நேரத்துல வந்துடலாம். ரீடிங் பன்னெண்டாவே இருக்கும். எனக்கு ஒண்ணும் தெரியாது."

வண்டி உறுமிக் கிளம்பியது. ஒர்க்‌ஷாப் வாசலில் சுற்றுச்சாலை இரண்டு பக்கமும் காலியாகக் கிடந்தது. வலது பக்கம் கடற்கரைச் சாலை. இடது பக்கம் ஊர். வீட்டுக்குப் பதினொரு சிக்னல். அக்கா வலது பக்கம் பார்த்தாள். அந்தச் சாலை எப்படியிருக்கும் என்று விரல் நுனி வரை தெரியும். பிறகு இண்டிகேட்டரை இடது பக்கம் போட்டாள். கண்ணாடியில் மெக்கானிக் தலையில் கை வைப்பது தெரிந்தது.

பதினொன்றும் முப்பத்தொன்றின் தடத்தில் உள்ள சிக்னல்கள். எது எத்தனை விநாடி, எதை எந்த வேகத்தில் போனால் பச்சையில் பிடிக்கலாம் என்பது அவளுக்கு மனப்பாடம். முந்நூறு போகிற வண்டியை முப்பத்தெட்டில் ஓட்டினாள், ஒரு துளி கூடாமல், ஒரு துளி குறையாமல். சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு டெலிவரி பையன் முந்திக்கொண்டு போகும்போது, "அக்கா, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டுப் போனான். ஆறு சிக்னல்கள் பச்சையாகவே வந்தன. ஏழாவதில் நிற்க வேண்டியதாயிற்று, ஒன்பதாவதில் இரண்டு தடவை. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டாள். தேய்வது தன் முட்டி எலும்பு என்பதுபோல இருந்தது. பன்னிரண்டில் எவ்வளவு போயிருக்கும்? பதினொன்றரை? பதினொன்று? திரும்பிப் போகும்போது இதே பதினொரு சிக்னல் மறுபடியும் இருக்கிறது. அப்போது நேரம் ஏறியிருக்கும், கூட்டம் இருக்கும். மூன்றில் ஒரு பங்கு என்பது ஒரு ஃப்ரிட்ஜ் இல்லை, பல ஃப்ரிட்ஜ். இதையெல்லாம் நினைத்துக்கொண்டேதான் கால் நிதானமாக மிதித்தது.

வீட்டுச் சரிவில் இறக்கும் எண்ணமே இல்லை. தெருவில் சமமாக, வண்டி நிறுத்த இடமுள்ள ஒரே இடம் குடியிருப்புக்கு எதிரே இருந்த முப்பத்தொன்றின் ஸ்டாப். அங்கே ஒதுக்கினாள். இன்ஜினை அணைக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் வண்டியை விட்டுவிட்டு மூன்றாவது மாடிக்கு ஏறிப் போவது என்பது இருபத்தேழு வருடப் பழக்கத்துக்கு எதிரான காரியம். எத்தனை கார்காரர்களை இதே இடத்தில் திட்டியிருக்கிறாள். ஃபோனை எடுத்து, கணவரைக் கூப்பிட்டாள்.

மணி அடித்தது.

குனிந்து மேலே பார்த்தாள். மூன்றாவது மாடி பால்கனியில் அவருடைய பனியனும் துண்டும் காய்ந்துகொண்டிருந்தன. ஜன்னல் திறந்திருந்தது. இந்நேரம் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுச் சவரம் செய்துகொண்டிருப்பார். ஃபோன் ஃப்ரிட்ஜ் மேலே சார்ஜில் இருக்கும். அல்லது பக்கத்திலேயே இருக்கலாம். யார் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். முப்பது வருடத்தில் அவர் அவள் ஃபோனை எடுக்காமல் விட்டதில்லை. ஆனால் முப்பது வருடத்தில் அவள் இந்த நேரத்தில் அவரைக் கூப்பிட்டதும் இல்லை.

முதல் தடவை ஓய்ந்தது. இரண்டாவது தடவை கூப்பிட்டாள்.

பக்கத்து இருக்கையில் ஒர்க்‌ஷாப் பில் கட்டும் குடையும் கிடந்தன. அவற்றை எடுத்துக் காலடியில் தள்ளினாள். இருக்கையை முழுவதும் பின்னால் நகர்த்தினாள். அவருக்குக் கால் நீளம். என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. வாங்க என்றா, கீழே வாங்க என்றா? சட்டையைப் போட்டுக்கொண்டு அப்படியே வாங்க என்றா?

பின்னால் விளக்கு இரண்டு முறை மின்னியது. கண்ணாடி நிறைய முப்பத்தொன்று. பரிசோதகர்தான் முன்படியில் தொற்றிக்கொண்டு நின்றார். எட்டிப் பார்த்து, "யாருப்பா அது, ஸ்டாப்ல?" என்று ஆரம்பித்தவர், வண்டியை அடையாளம் கண்டு வாயைப் பிளந்தார்.

"அக்கா! ஆளுங்க இறங்கணும்க்கா!"

"ஒரு நிமிஷம்ணே" என்றாள் அக்கா, ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல். கால் பிரேக்கின் மேல் உறுதியாக இருந்தது. மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.